மணிபாலில் எங்கே சாப்பிடுவது, எங்கே குடிப்பது?

திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கர்நாடகத்து மணிபாலில் இன்ஜினியரிங் சீட்டு கிடைத்திருக்கிறதாம். "அங்கே நல்லா சாப்பிட, ஃப்ரெண்ட்ஸோட உக்காந்து குடிக்க நல்ல இடம் எது எதுன்னு ஒரு லிஸ்ட் குடுங்கண்ணா. மெஸ் சாப்பாடு நம்ம வாய்க்கு ஒத்துக்குமா?" என்பது அவர் கேள்வி. தம்பி, நீங்கள் கேட்டது லிஸ்ட்தான். ஆனால் அதற்குள் மூன்று விஷயம் இருக்கிறது: நாலு வருஷம் அங்கே வாய்க்குப் பிடித்ததைச் சாப்பிட முடியுமா, எதை எங்கே சாப்பிட்டால் அந்த ஊருக்குப் போனதற்கு அர்த்தம், அப்புறம் அந்தக் 'குடிக்க'. மூன்றையும் தனித்தனியாகச் சொல்கிறேன். நான் மணிபாலில் ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்தவன். படிப்பு முடிந்தபின் உடுப்பியிலும் மங்களூரிலும் சமையலறைகளிலேயே காலம் போயிருக்கிறது. அதனால் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். குடியைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊரின் அமைப்பு புரிய வேண்டும். மணிபால் ஒரு செம்பாறை மேடு. 1953-ல் டி.எம்.ஏ. பாய் அங்கே கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியைத் தொடங்கும்வரை பெரிதாக ஒன்றும் இல்லாத இடம். 1957-ல் நீங்கள் சேரப்போகிற இன்ஜினியரிங் கல்லூரி வந்தது. அதற்குப் பிறகு வந்த கடைகள் எல்லாமே மாணவர்களை நம்பி வந்தவை. ஆகவே 'மணிபால் சமையல்' என்று ஒன்று கிடையாது. டெல்லிக்காரன் கேட்டதால் பராத்தா வந்தது, மலையாளி கேட்டதால் பரோட்டா வந்தது, எல்லோரும் கேட்டதால் ஷவர்மாவும் மேகியும் வந்தன. ஐந்து கிலோமீட்டர் கீழே இறங்கினால் உடுப்பி. அங்கே நூற்றாண்டுகளாக அடுப்பு அணையாத கோயில் சமையல் இருக்கிறது. இன்னும் ஐந்தாறு கிலோமீட்டர் மேற்கே போனால் மல்பே, மீன்பிடித் துறைமுகம். பசிக்கு மேட்டில் சாப்பிடலாம், ருசிக்குக் கீழே இறங்க வேண்டும். என் பதில் முழுக்க இந்த ஒன்றைச் சுற்றித்தான். இறங்குவதும் கஷ்டமில்லை. டைகர் சர்க்கிளில் நின்றால் "உடுப்பி, உடுப்பி" என்று கண்டக்டர் கூவிக்கொண்டே தனியார் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

மேட்டுக் கடைகளின் பெயர்களை வேண்டுமென்றேதான் இங்கே எழுதவில்லை. அவை பேட்ச் மாறும்போது மாறுகிறவை. பெயர்ப்பலகை அதே இருக்கும், உள்ளே மாஸ்டர் மாறியிருப்பார். இல்லையென்றால் மாஸ்டர் அடுத்த தெருவில் வேறு பெயரில் கடை போட்டிருப்பார். அந்த வகைக் கடையில் ருசி என்பது மாஸ்டரின் கை, கடையின் பெயர் அல்ல. உங்கள் ஹாஸ்டலில் மூன்றாம் வருஷம் படிக்கிற ஒருவரைப் பிடித்து, "இந்த செமஸ்டர் எங்கே நல்லா இருக்கு?" என்று கேளுங்கள். 'இந்த செமஸ்டர்' என்பதை விட்டுவிடாதீர்கள். அப்படிக் கேட்காவிட்டால் அவர் முதல் வருஷத்தில் சாப்பிட்ட நினைவிலிருந்து பதில் வரும்.

மெஸ் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். மெஸ்ஸும் ஃபுட் கோர்ட்டும் நாடு முழுவதிலிருந்து வருகிற பிள்ளைகளுக்காகச் சமைப்பவை. வடக்கத்திப் பிள்ளைகள் நிறைய இருப்பதால் சப்பாத்தி, தால், பன்னீர், ராஜ்மா பக்கம் சாய்ந்திருக்கும். ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே அடுப்பில் சமைத்தால் காரத்தையும் புளிப்பையும் நடுவில்தான் நிறுத்த முடியும். இது எந்த ஊர் மெஸ்ஸுக்கும் பொருந்தும். வயிறு நிறையும், கெடாது, ஆனால் பேசிக்கொண்டிருக்கத் தகுந்த சாப்பாடு அல்ல. காலை டிபனை மட்டும் தவறவிடாதீர்கள். எட்டு மணி வகுப்புக்காக வெறும் வயிற்றோடு ஓடி, பதினோரு மணிக்கு சமோசாவில் விழுகிற பழக்கம் முதல் வருஷத்தில் பலருக்கும் வந்துவிடுகிறது. மெஸ் சாப்பாட்டால் எடை கூடியவர்களைவிட அந்தப் பதினோரு மணிச் சமோசாவால் கூடியவர்கள்தான் அதிகம் என்பது என் கணிப்பு.

இப்போது வாய்க்கு ஒத்துவருமா என்ற கேள்வி. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் உடுப்பியில் முதல்முறை சாம்பார் ஊற்றிக்கொண்டதும் முகம் சுளிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். காரணம் வெல்லம். 'உடுப்பி ஹோட்டல் சாம்பார் எனக்குத் தெரியுமே' என்று நினைத்துக்கொண்டு வருகிறோம். சென்னையில் நாம் சாப்பிட்டது இந்தக் கரையிலிருந்து போனவர்கள் நம் நாக்குக்கு ஏற்பத் திருத்திய சாம்பார். உட்லண்ட்ஸைத் தொடங்கிய கிருஷ்ண ராவ் இந்தத் தென் கன்னடச் சீமைக்காரர்தான். ஆனால் அவர் சென்னையில் கடை நடத்தியது சென்னைக்காரர்களுக்காக. ஊரில் செய்கிற சாம்பாருக்கு மல்லி, வெந்தயம், மிளகாய், பருப்பு எல்லாவற்றையும் தேங்காய் எண்ணெயில் வறுத்து, தேங்காயோடு சேர்த்து அரைத்து விடுவார்கள். அதற்குமேல் ஒரு துண்டு வெல்லம். மிளகாய் பெரும்பாலும் பேடகி. நிறம் அள்ளித் தரும், காரம் தராது. கண்ணுக்குச் செக்கச்செவேலென்று இருக்கும், வாயில் வைத்தால் இனிக்கும், நாம் திகைத்துப்போவோம்.

ஆனால் நீங்கள் நெல்லைக்காரர். தேங்காய் அரைத்துவிட்ட குழம்பும் சொதியும் சாப்பிட்டு வளர்ந்த வாய்க்கு இது பழக ஒரு மாதம்கூட ஆகாது. மதுரை, சேலம் பிள்ளைகள்தான் திணறுவார்கள். அதுவரைக்கும் ஒரு வழி சொல்கிறேன். சாம்பாரைக் குறைத்து 'சாரு' கேளுங்கள். அது நம் ரசத்துக்கு உடன்பிறப்பு, சில இடங்களில் அதிலும் துளி வெல்லம் இருக்கும், பெரிதாகத் தெரியாது. கொங்கணி வீட்டுச் சாப்பாடு கிடைக்கிற இடமானால் 'தாளி தோய்' கேளுங்கள். துவரம்பருப்பைக் கரையவிட்டுப் பெருங்காயம் தூக்கலாகத் தாளித்தது. சுடு சோற்றில் அதை ஊற்றி, ஓரமாக ஒரு ஊறுகாய் வைத்துக்கொண்டால் வேறு எதுவும் வேண்டியதில்லை. தயிர் சாதம் எல்லா சைவ ஹோட்டலிலும் உண்டு, அந்தக் கவலையே வேண்டாம்.

சோறு கேட்கும்போது ஒரு விஷயம். இந்தக் கரையில் அன்றாடச் சோறு குச்சலக்கி, அதாவது செந்நிறமான, குண்டு குண்டான புழுங்கலரிசி. நம் பக்கத்து மட்டை அரிசியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மெல்லவே நேரம் ஆகும். வெள்ளைச் சோறு வேண்டுமென்றால் 'பெள்த்திகே' என்று கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் மீன் குழம்புக்கு மட்டும் குச்சலக்கியை விட்டுவிடாதீர்கள். அந்தக் குழம்பின் கெட்டிக்கு வெள்ளைச் சோறு குழைந்துபோகும், இது ஒவ்வொரு பருக்கையாக நிற்கும்.

உடுப்பிக்கு முதல்முறை இறங்குகிறபோது மாலை நான்கு மணிக்கு ரத வீதியில் இருங்கள். கிருஷ்ண மடத்தைச் சுற்றி எட்டு மடங்களும் உட்கார்ந்திருக்கிற அந்தத் தெருவுக்கு ஒட்டினாற்போல மித்ர சமாஜ் என்று ஒரு பழைய ஹோட்டல். ஊருக்கே தெரிந்த இடம், தாராளமாகப் பெயர் சொல்லலாம். அங்கே கோளி பஜேயும் பன்ஸும் கேளுங்கள். கோளி பஜே என்பது மைதாவைப் புளித்த தயிரில் கெட்டியாகக் கரைத்து, இஞ்சி, பச்சை மிளகாய், தேங்காய்ப் பல், கறிவேப்பிலை போட்டுச் சிலமணி நேரம் புளிக்கவிட்டு, கையால் கிள்ளி எண்ணெயில் விடுவது. நல்ல மாஸ்டர் விடும்போது பார்த்திருக்கிறீர்களா? மாவு விரல்களில் ஒட்டாமல் இருக்கக் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே இருப்பார். கட்டைவிரலால் ஒரு தள்ளு, உருண்டை எண்ணெயில் விழுந்ததும் தானாகவே ஒரு புரண்டு புரண்டு மேலே வரும். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. ஆறினால் ரப்பர். ஆகவே தட்டில் அடுக்கிவைத்திருந்தால் வாங்காதீர்கள், அடுத்த ஈடு வரும்வரை காபி குடித்துக்கொண்டு காத்திருங்கள். பன்ஸ் என்றதும் பேக்கரி பன் என்று நினைக்க வேண்டாம். கனிந்த வாழைப்பழத்தை மைதாவோடு பிசைந்து ஒரு இரவு வைத்து, மறுநாள் பூரிபோலத் தேய்த்துப் பொரிப்பது. லேசாக இனிக்கும், நடுவே சீரகம் அகப்படும். அதைத் தேங்காய்ச் சட்னியில் தொட்டுச் சாப்பிடும்போதுதான் இந்த ஊர்க்காரர்கள் ஏன் இனிப்பையும் காரத்தையும் பிரித்துப் பார்ப்பதில்லை என்று விளங்கும்.

மடத்தில் தினமும் மதியச் சாப்பாடு உண்டு. யார் வேண்டுமானாலும் உட்காரலாம், காசு கிடையாது. சோறு, சாரு, சாம்பார், பாயசம், மோர். கிருஷ்ணர் பூஜைப் பொறுப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அந்த எட்டு மடங்களுக்குள் மாறும். பர்யாயம் என்பார்கள், இரட்டைப்படை ஆண்டுகளில் ஜனவரி 18 அன்று. சமையல் பொறுப்பும் அதோடு அந்தந்த மடத்துக்குப் போகும். மாதக் கடைசியில் கையில் காசு இல்லாதபோது அங்கே போய் உட்கார்ந்த மாணவர்களை எனக்குத் தெரியும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சாப்பிட்ட இடத்தில் சிந்தாமல் எழுந்தால் போதும். பனிக்காலத்தில் மட்டு குள்ளா என்ற பச்சை உருண்டைக் கத்தரிக்காய் எங்கேயாவது சாம்பாரில் கிடைத்தால் விடாதீர்கள். உடுப்பிக்குத் தெற்கே மட்டு என்ற கிராமத்தில் விளைவது, புவிசார் குறியீடு பெற்றது. தோல் மெல்லிசு, விதை தெரியாது, குழம்பில் வெண்ணெய்போலக் கரைந்துவிடும்.

மசால் தோசை உடுப்பியில்தான் பிறந்தது என்று உங்களிடம் நிறையப் பேர் அடித்துச் சொல்வார்கள். அதை நான் உறுதியான செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை. உருளைக்கிழங்கை உள்ளே வைத்து மடித்தது யார் என்பதற்குக் கதைகள்தான் இருக்கின்றன. அதை ஊர் முழுக்கப் பரப்பியது உடுப்பி ஹோட்டல்காரர்கள் என்பது மட்டும் சந்தேகமில்லாதது. எனக்குக் கேட்டால், இந்தக் கரைக்கு வந்துவிட்டு மசால் தோசையில் வயிற்றை நிரப்புவதே வீண். நீர் தோசை சாப்பிடுங்கள். ஊறவைத்த அரிசியைத் தேங்காயோடு மைய அரைத்து, மோர்போல நீர்க்கக் கரைத்த மாவு. உளுந்து கிடையாது, புளிக்கவைப்பதும் கிடையாது. காய்ந்த கல்லில் கரண்டியால் வீசி ஊற்றியதும் 'சொய்ங்' என்று ஆயிரம் கண் திறக்கும். உடனே மூடி போடுவார்கள். திருப்பிப் போடவே மாட்டார்கள். வெள்ளைத் துணியை மடிப்பதுபோல நான்காக மடித்து வைப்பார்கள். ஓரம் சிவந்திருந்தால் கல் சூடு அதிகம், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தால் மாவில் தண்ணீர் போதவில்லை. இரண்டும் இல்லாமல் வந்தால் அந்தக் கடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் மற்றதையும் ஒழுங்காகச் செய்வார்கள். காலையில் அதைத் தேங்காய் வெல்லப் பூரணத்தோடு தருவார்கள். மதியம் கோழிக் குழம்போடோ மீன் குழம்போடோ.

மீனுக்கு வருவோம், நெல்லைத் தம்பிக்கு இதைத்தானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். பெயர்கள் மட்டும் மாறும், மீன்கள் நமக்குத் தெரிந்தவையே. அஞ்சல் என்றால் வஞ்சிரம், உங்கள் பக்கத்து நெய்மீன். பங்குடே என்றால் கானாங்கெளுத்தி, அதாவது அயிலை. பூத்தாய் என்றால் மத்தி, உங்கள் சாளை. மாஞ்சி என்றால் வவ்வால். காணே என்றால் கிழங்கான், இந்தக் கரையின் செல்லப்பிள்ளை. மதிய மீன் சாப்பாடு என்று கேட்டால் சோறு, குழம்பு, ஒரு பொரியல், சட்னி, அப்பளம் வரும். வறுத்த மீன் தனிக்கணக்கு. பல கடைகளில் மசாலா தடவிய மீன்களை ஒரு தட்டில் அடுக்கி மேசைக்கே கொண்டுவந்து காட்டுவார்கள். நீங்கள் விரலை நீட்டினால் அது கல்லுக்குப் போகும். மெனுவில் அந்த வரிக்கு நேரே விலை இருக்காது, 'அளவைப் பொறுத்து' என்று போட்டிருக்கும். விரலை நீட்டுவதற்கு முன்னால் விலையைக் கேட்டுவிடுங்கள். கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டுவிட்டு, பில் வந்ததும் நான்கு நண்பர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்ட காட்சிகள் உண்டு. கைக்கு அடக்கமாக வேண்டுமென்றால் பங்குடேயும் பூத்தாயும்தான், ருசியிலும் அவை அஞ்சலுக்குக் குறைந்தவை அல்ல. வறுவலில் இரண்டு வகை. ரவா ஃப்ரை என்றால் மசாலாவுக்கு மேல் ரவை புரட்டி எண்ணெயில் பொரித்தது. தவா ஃப்ரை என்றால் மசாலாவோடு கல்லில் போட்டது. மீன் புதுசு என்று நம்பிக்கை இருந்தால் தவா. ரவை கொஞ்சம் குறையை மூடி மறைக்கும், அதனால்தான் சொல்கிறேன்.

எந்த மாதத்தில் சாப்பிடுகிறீர்கள் என்பதும் முக்கியம். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். இங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. நீங்கள் ஜூலையில் வந்து சேர்ந்தால் மல்பேயில் படகுகள் கட்டிக் கிடக்கும். அப்போது தட்டில் வருகிற அஞ்சல் ஐஸில் இருந்ததாகவோ வேறு கரையிலிருந்து வந்ததாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். முதல் மாதத்தில் மீன் சாப்பிட்டுவிட்டு "இவ்வளவுதானா மல்பே மீன்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். செப்டம்பருக்குப் பிறகு மறுபடி போங்கள். தடைக்காலத்துக்கு ஈடாக இந்த ஊரில் வேறொன்று இருக்கிறது. நம் ஆடிதான் இந்தக் கரையில் துளு பேசுகிறவர்களுக்கு ஆட்டி. அந்த மாதத்தில் சேம்பு இலையில் அரிசி, புளி, மிளகாய் அரைத்த விழுதைத் தடவி, அடுக்கிச் சுருட்டி, ஆவியில் வேகவைத்து வில்லை வில்லையாக வெட்டுவார்கள். பத்ரொடே என்று பெயர். மழைக்காலத்தில் சைவ ஹோட்டல்களில் கரும்பலகையில் எழுதிப்போட்டிருப்பார்கள், கண்ணில் பட்டால் உள்ளே போய்விடுங்கள். பலா இலையைத் தொன்னையாகத் தைத்து அதில் ஊற்றி வேகவைத்த இட்லியும் அப்படித்தான். இலை வாசம் ஏறிய அந்த இட்லிக்குச் சட்னியே அதிகப்படி.

கோழியில் இரண்டு. கோரி ரொட்டி என்பது அப்பளம்போல உலர்ந்த, மொறுமொறுப்பான அரிசி ரொட்டியை நொறுக்கிப் போட்டு, அதன்மேல் தேங்காய்ப்பால் விட்ட கோழிக் குழம்பை ஊற்றுவது. பாதி ஊறியும் பாதி ஊறாமலும் இருக்கிற அந்த இரண்டு மூன்று நிமிஷத்துக்குள் சாப்பிட வேண்டும். போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தால் கூழாகிவிடும். மற்றது கீ ரோஸ்ட். வடக்கே முப்பத்தைந்து நாற்பது கிலோமீட்டரில் குந்தாப்புரா, அங்கே ஷெட்டி லஞ்ச் ஹோம் என்ற கடையிலிருந்து ஊர் முழுக்கப் பரவியது. பேடகி மிளகாயை வறுத்துப் புளியோடு அரைத்து, நெய்யில் பச்சை வாசம் போய் நெய் பிரிந்து வரும்வரை வதக்கி, தயிரில் ஊறிய கோழியை அதில் புரட்டுவது. மணிபாலிலும் மங்களூரிலும் எல்லா மெனுவிலும் இந்தப் பெயர் இருக்கிறது. பாதி இடங்களில் எண்ணெயில் செய்து கடைசியில் ஒரு கரண்டி நெய் ஊற்றுகிறார்கள். தட்டு ஆறியபின் பாருங்கள்: ஓரத்தில் நெய் உறைந்து மங்கினால் சரி, எண்ணெயாகவே மினுமினுத்தால் ஏமாற்று. பிரியாணி விஷயத்தில் ஆம்பூர், திண்டுக்கல் நினைப்போடு வந்தால் மனசு உடையும். அதற்குப் பதில் பட்கல் பிரியாணி எங்கே நன்றாகக் கிடைக்கும் என்று விசாரியுங்கள். வெங்காயம் வதங்கி வதங்கி மசாலாவாகவே மாறிவிட்ட, அரிசி தனியாக வெந்து மேலே நிற்கிற வகை. நவாயத் முஸ்லிம்களின் சமையல், உடுப்பிக்கு வடக்கே கடலோரம்.

குடிக்க என்றதும் நான் முதலில் சொல்வது புனர்ப்புளி. மலையோரத்தில் விளைகிற புளிப்புப் பழத்தின் தோலை ஊறவைத்து எடுக்கும் சாறு, கருஞ்சிவப்பு, வெயிலில் அலைந்துவிட்டு வந்தால் அதற்கு ஈடில்லை. பாட்டிலில் வருகிற பாகு வேறு, கடையில் ஊறவைத்துத் தருவது வேறு, ஒரு மடக்கிலேயே தெரிந்துவிடும். மழைக்காலத்தில் சைவ ஹோட்டலில் 'கஷாய' கேளுங்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மல்லியும் சீரகமும் வறுத்துப் பொடித்து வெல்லமும் பாலும் சேர்த்தது. தூக்கம் கெடாது, பரீட்சை சமயத்தில் காபிக்கு மாற்றாக உதவும். காபியும் நன்றாகவே இருக்கும். மலை ஏறி இறங்கினால் சிக்கமகளூர்தானே. ஐஸ்கிரீமில் 'கட்பட்' உடுப்பி டயானா ஹோட்டலில் பிறந்தது என்பது ஊர்ப்பேச்சு. உயரமான கண்ணாடி டம்ளரில் இரண்டு மூன்று வகை ஐஸ்கிரீம், இடையிடையே ஜெல்லி, நறுக்கிய பழம், முந்திரி, திராட்சை. நீளமான ஸ்பூனை அடிவரை இறக்கி மேலே வாருங்கள், மேலிருந்து மட்டும் தின்றுகொண்டு போனால் கடைசியில் ஜெல்லி மட்டும்தான் மிஞ்சும். மங்களூர் போகிற அன்று 1975-லிருந்து இருக்கிற ஐடியலுக்கோ அவர்களுடைய பப்பாஸுக்கோ போய் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எது சிறந்தது என்ற சண்டையில் நான் கலந்துகொள்வதில்லை.

இனி நீங்கள் கேட்ட குடி. கர்நாடகத்தில் மது வாங்கவும் குடிக்கவும் வயது 21. நம் மாநிலத்திலும் அதுதான். 18 வயதில் சேர்கிறவருக்கு முதல் மூன்று ஆண்டும் சட்டப்படி அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 'அங்கே யாரும் ஐடி கேட்க மாட்டாங்க' என்று சீனியர் சொல்வார். கேட்காத இடங்களும் இருக்கலாம். ஆனால் மாட்டினால் கடைக்காரருக்கு உரிமம் போகும், உங்களுக்குக் கல்லூரிக் கடிதம் வீட்டுக்குப் போகும். ஹாஸ்டலுக்குள் கொண்டுவருவது, குடித்துவிட்டு உள்ளே வருவது இரண்டுக்கும் விதி கடுமை. வார்டன் கையெழுத்து வாங்குகிற அந்த விதித்தாளை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வயது வந்தபிறகு என்றால், இங்கே டாஸ்மாக் மாதிரி அரசே எல்லாவற்றையும் விற்பதில்லை. தனியார் பார்கள், குடும்பத்தோடு வந்து சாப்பிடுகிற 'பார் அண்ட் ரெஸ்டாரண்ட்'கள், மாணவர்களுக்கென்றே பாட்டைச் சத்தமாக வைக்கிற பப்கள் என்று தனித்தனி வகை. என் சிபாரிசு நடுவில் சொன்னது. அங்கே சமையலறை ஒழுங்காக இருக்கும், காணே வறுவலும் கிடைக்கும், சாப்பிட வந்தவர்கள் நடுவே யாரும் அளவு மீறிக் கூத்தடிப்பதில்லை. பப்களில் இப்போது எது நல்லது என்பதை உங்கள் வயதுக்காரர்கள்தான் சொல்ல வேண்டும், நான் அங்கே போனால் பிள்ளைகள் யாரோ ஒருவரின் அப்பா வந்துவிட்டார் என்று எழுந்து நிற்பார்கள். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மணிபாலிலிருந்து இறங்குகிற சாலைகள் சரிவு. மழையில் வழுக்கும். குடித்துவிட்டு வண்டி எடுக்காதீர்கள், எடுத்தவன் பின்னால் உட்காரவும் செய்யாதீர்கள். நள்ளிரவில் ஆட்டோக்காரர் அதிகம் கேட்டாலும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மழையைப் பற்றிச் சொல்லாவிட்டால் பதில் முடியாது. நெல்லையில் பார்த்த மழையை மறந்துவிடுங்கள். இங்கே ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர், பெரும்பகுதி ஜூனிலிருந்து செப்டம்பருக்குள். அந்த மாதங்களில் கிணற்றிலும் குழாயிலும் கலங்கல் இறங்கும். திறந்த தட்டில் ஈ மொய்க்கும் பானி பூரி, வெட்டிவைத்த பழம், யார் கையால் எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாத ஐஸ் போட்ட ஜூஸ் ஆகிய மூன்றையும் மழை முடிகிறவரை தள்ளிவையுங்கள். இளநீர் எப்போதும் பத்திரம். நல்ல ஹோட்டல்களில் கேட்காமலே வெந்நீர் வைப்பார்கள், அதைக் குடியுங்கள். ஷவர்மாவில் மயோனைஸ் எவ்வளவு நேரமாக வெளியே இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள், அதிலும் அபாயம் உண்டு. இரவு ஒன்பது மணிக்குக் கூட்டம் நெரிகிற கடையில் சட்டி சீக்கிரம் காலியாகும், புதிது புதிதாக வரும். ஈ ஓட்டிக்கொண்டிருக்கிற கடையில் மதியம் செய்ததே இரவுவரை கிடக்கும். ருசி தெரியாத ஊரில் கூட்டத்தை நம்புங்கள் என்று சொல்வது இந்தக் காரணத்துக்காகத்தான்.

வீட்டிலிருந்து எதைக் கொண்டுவருவது என்று அம்மா கேட்பார்கள். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், இவை மூன்றும் போதும். நல்லெண்ணெய் ஒரு சின்ன பாட்டில், ஏனென்றால் இங்கே சுற்றிலும் தேங்காய் எண்ணெய், பொடிக்கு அது சேராது. மழைக்காலத்தில் பொடியில் ஈரம் ஏறிக் கட்டிபிடிக்கும், இறுக்கமான மூடி உள்ள டப்பாவில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொண்டுவாருங்கள். கெட்டில், இண்டக்ஷன் அடுப்பு எதையும் ஹாஸ்டலில் கேட்காமல் வாங்கிவர வேண்டாம், பறிமுதல் செய்துவிடுவார்கள். முதல் மாதம் மாலை டிபனுக்கு ரத வீதி, தடைக்காலம் முடிந்ததும் ஒரு ஞாயிறு மதியம் மல்பே, முதல் செமஸ்டர் பரீட்சை முடிந்த அன்று குந்தாப்புரா. குந்தாப்புராவுக்குப் போகிற அன்று பன்னிரண்டரை மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள், இரண்டு மணிக்கு மேல் போனால் நீர் தோசை தீர்ந்துபோய் சப்பாத்தியைத்தான் நீட்டுவார்கள்.